பதினான்காம் நாள் தானாக மூடப்படும்

1

சென்ற வாரம் அலுவலகத்தில் எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முடிந்தன. காலை ஒன்பது மணிக்கு வாழ்த்து மின்னஞ்சல் வந்தது. பலூன் படம், என் பெயர், 'உங்கள் பயணம் எங்களோடு தொடரட்டும்' என்று ஒரு வரி. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் 'பொதுக் கணக்கு' என்று போட்டிருந்தது. போன வருடம் இதே நாளில் இதே பலூன் வந்தபோது அந்த இடத்தில் நாச்சிமுத்து என்று இருந்தது. நாச்சிமுத்து நான்தான். போன வருடம் எனக்கு நானே வாழ்த்துச் சொல்லிக்கொண்டேன், இந்த வருடம் ஊர் பேர் தெரியாத ஒரு கணக்கு சொல்கிறது. நடுவில் ஓராண்டு நான் பட்ட பாட்டுக்கு மிஞ்சியது இந்த மாற்றம் ஒன்றுதான்.

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் மலருக்கு, ஊரை விட்டுப் போனவர்கள் பகுதியில் எழுதச் சொல்லி என்னோடு படித்த தங்கவேலு மூன்று மாதமாக நச்சரிக்கிறான். "நானெங்கடா ஊர விட்டுப் போனேன்? பொள்ளாச்சிக்கும் பெங்களூருக்கும் ஒரு பகல் பயணம். கனடாவுல இருக்கறவனுகளக் கேளு" என்றேன்.

"அவனுக வருசத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போறானுக. நீ போன தீவாளிக்கு வந்தியா? பொங்கலுக்கு வந்தியா? நீதாண்டா ரொம்பத் தூரத்துல இருக்கற" என்றான். ஒப்புக்கொண்டேன். அதனால் இது.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று என் அப்பாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக விளக்கி வருகிறேன். உங்களிடமும் ஒருமுறை முயன்று பார்க்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் எந்த வேலையானாலும் முதலில் கணினியில் ஒரு சீட்டுப் போட வேண்டும். டிக்கெட் என்பார்கள். மென்பொருளில் பிழையென்றாலும் டிக்கெட், புது நாற்காலி வேண்டுமென்றாலும் டிக்கெட், மூன்றாம் மாடிக் குழாய் ஒழுகுகிறதென்றாலும் டிக்கெட். ஒவ்வொரு குழுவும் தன்னுடைய டிக்கெட்டுகளைத் தனித்தனி அறையில் வைத்துக்கொள்வது போல வைத்துக்கொள்ளும். அந்த அறைக்கு புராஜெக்ட் என்று பெயர். அந்த மென்பொருளைக் கட்டி மேய்ப்பவன் நான்.

டிக்கெட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லியிருக்க மாட்டார். கேட்டவரும் மறந்திருப்பார். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு குழு என்னிடம் வந்து, இந்தக் குப்பையெல்லாம் தானாக ஒழிய ஏதாவது வழி உண்டா என்று கேட்டது. ஒரு ரூல் எழுதிக் கொடுத்தேன். ஒரு டிக்கெட்டில் பதினான்கு நாட்கள் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லையென்றால் அது தானாக மூடிக்கொள்ளும். மூடும்போது போட்டவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும்: 'உங்களிடமிருந்து எந்தத் தகவலும் வராததால், தேவை தீர்ந்துவிட்டதாகக் கருதி இதை மூடுகிறோம். நன்றி.' ஆங்கிலத்தில்தான் எழுதினேன், பத்து நிமிடம் யோசித்து எழுதினேன். ரொம்ப மரியாதையாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த குழு தங்களுக்கும் வேண்டும் என்றது. நகல் எடுத்துக் கொடுத்தேன். அதற்கடுத்த குழு, எங்களுக்குப் பத்து நாள் போதும் என்றது. இன்னொரு குழு, சனி ஞாயிறைக் கணக்கில் எடுக்காதே என்றது. நகலுக்கு நகல், அதற்கொரு திருத்தம், திருத்தத்துக்கு நகல். நினைவூட்ட ஒரு ரூல், மேலதிகாரிக்குப் போட்டுக்கொடுக்க ஒரு ரூல், பணியாண்டு முடிந்தால் பலூன் அனுப்ப ஒரு ரூல். இப்படியே இருநூற்றுச் சொச்சம் புராஜெக்டுகளில் பரவியது. நன்றி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கமா வைக்க வேண்டுமென்றால்கூட அத்தனை அறைக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே போக வேண்டும்.

ஒரு ரூல் யாருடைய பெயரிலாவது ஓடியாக வேண்டும். எழுதுகிறவர் ஒன்றும் செய்யாமல் விட்டால் அவர் பெயரிலேயே ஓடும். நான் ஒன்றும் செய்யாமல் விட்டேன். ஆகவே எந்நேரமும் எல்லாத் திரைகளிலும் நாச்சிமுத்து மூடினார், நாச்சிமுத்து நினைவூட்டினார், நாச்சிமுத்து புகார் சொன்னார். லிஃப்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "ஓ, அந்த நாச்சி நீங்கதானா? நான் என்ன பாவம் பண்ணேன், என் டிக்கெட்ட ஏன் மூடுனீங்க?" என்று கேட்டிருக்கிறார். இந்த மின்னஞ்சல்களின் நகலெல்லாம் என் அஞ்சல் பெட்டிக்கும் வரும். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வந்ததால், ரூல்கள் அனுப்பும் எதுவும் நேராக ஒரு தனி மடலறைக்குள் போய் விழும்படி செய்துவிட்டேன். அந்த அறையைத் திறந்து பார்த்ததே கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

போன வருடம் ஜூன் மாதம் என் மனைவி கவிதாவுக்கு அரசு வேலை கிடைத்தது. பொள்ளாச்சிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். இங்கே மாரத்தஹள்ளியில் ஒரு மருந்துக்கடையில் எட்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். ஆணை வந்த அன்று கையிலிருந்த கரண்டியோடு என்னைத் தேடி வந்து, "ஏனுங்க, உக்காந்து வேலை பாக்கலாமுங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

திட்டம் எளிமையானது. கவிதா முதலில் போவாள். மகள் இனியா நான்காம் வகுப்பை இங்கே முடிக்கட்டும். அதற்குள் நான் எங்கள் கோவை அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கிவிடுவேன். பள்ளி ஆண்டு முடிந்ததும் நானும் அவளும் ஒன்றாகப் போய்ச் சேருவோம். வீட்டிலிருந்து கோவைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். இங்கே ஹூடியிலிருந்து வைட்ஃபீல்ட் அலுவலகத்துக்குப் போகவே மழை நாளில் அவ்வளவு நேரம் ஆகிறது.

என் மேலாளர் ஸ்டான்லி சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பெங்களூர் காக்ஸ் டவுன் தமிழர். மூன்று தலைமுறையாக அங்கேயே வீடு, அங்கேயே சர்ச். அவருக்கு பெங்களூரை விட்டு ஒரு தமிழன் போவானேன் என்பது புரியவே இல்லை.

"இன்னா நாச்சி, இது நம்ம ஊருதானே? கோயம்புத்தூர்ல இன்னா கீது?"

"வீடு இருக்குங் சார்."

"இங்க கீறது வீடு இல்லியா?" என்றவர், நான் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். "நான் கையெழுத்துப் போட்றேன், அது ஒரு மேட்டரே இல்ல. ஆனா கோயம்புத்தூர் ஆபீஸ் பேப்பர்ல வேற கம்பெனி. நம்ம ஆளுங்க அதை வாங்கிப்போட்டது. நீங்க இங்க ரிலீவ் ஆகி அங்க சேரணும். ரிலீவ் ஆன அன்னிக்கே இங்க உங்க லாகின் க்ளோஸ். லாகின் க்ளோஸ் ஆனா ரூல் எல்லாம்?"

"நின்னுருமுங் சார்."

"எல்லாமா?"

"எல்லாந்தானுங்."

அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. நீங்க எச்ஆர்ல டிக்கெட் போட்டு வையுங்க. ரூல் வேலை முடிஞ்ச அன்னிக்கு நான் அப்ரூவ் அமுக்கிட்றேன். ஒரே க்ளிக்" என்றார்.

அன்றைக்கே கோரிக்கை டிக்கெட்டைப் போட்டேன்.

4

என் அப்பா நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் இருந்தார். எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில், எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருப்ப வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆளுயர இரும்புச் சாவி ஒன்று எங்கள் வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கும். அது நிற்கிற வீடு என்று கேட்டால் தபால்காரர் முதல் எல்லோரும் வழி சொல்வார்கள்.

அந்தச் சாவியால் அவர் எங்கேயும் போனதில்லை. என் அத்தை மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து வந்தார். என்னைக் கல்லூரியில் சேர்க்கப் பக்கத்து வீட்டு ஆசிரியர்தான் கூட வந்தார். "நான் வந்துட்டா மேட்டுத் தெருவுக்கு ஆரு சாமி தண்ணி வுடறது?" என்பார். அலுத்துக்கொள்வது போலத்தான் சொல்வார், ஆனால் அதைச் சொல்லும்போது அவர் மீசை ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

ஓய்வு பெற்றபோது சாவியைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தார். எப்படியும் இரண்டு நாளில் கூப்பிட வருவார்கள் என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தார். ஒரு வாரம் ஆயிற்று. யாரும் வரவில்லை. எட்டாவது நாள் மேட்டுத் தெருவுக்குத் தானே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வருதாப்பா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் வருது" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நான் அன்றைக்கு மனசுக்குள் சிரித்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

5

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு மேலே எழுதுவது நியாயமில்லை. நான்கு வருடங்களுக்கு முன்பு தணிக்கைக்கு வந்த ஒருவர், ரூல்களையெல்லாம் ஒரு பொதுக் கணக்கின் பெயருக்கு மாற்றிவிடுங்கள், நகல்களை ஒழித்துவிட்டு எல்லாப் புராஜெக்டுக்கும் சேர்த்து ஒரே ரூலாக எழுதுங்கள் என்று என்னிடம் சொன்னார். அப்போது செய்திருந்தால் ஒரு வாரத்து வேலை. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுச் செய்யவில்லை. நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நேரம் இருந்தது. எல்லாத் திரைகளிலும் என் பெயர் ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது. ஆண்டு மதிப்பீட்டில் ஸ்டான்லி சார், "நாச்சி இல்லாம இந்த ஆபீஸ் ஓடாதுப்பா" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அதைக் கேட்கும்போது எனக்கும் மீசை பெருத்திருக்கும்.

6

இனியாவுக்கு பெங்களூர்தான் ஊர். பொள்ளாச்சி 'உங்க ஊர்.' பள்ளி வேன் மூன்றரைக்கு அவளை இறக்கிவிட்டதும் எதிர்வீட்டு லட்சுமம்மா அழைத்துக்கொள்வார். நான் ஆறரைக்குப் போகும்போது இருவரும் கன்னடத்தில் கதை பேசியபடி முறுக்குத் தின்றுகொண்டிருப்பார்கள். அவள் என்னிடம் பேசுவது தமிழ்தான். ஆனால் சாப்பாடு வேண்டாம் என்றால் 'எனக்கு பேடா' என்பாள். தமிழ் எழுத்துகளில் அவளுக்குத் தன் பெயரை எழுத வரும், அதோடு சரி.

அவளைச் சொல்வானேன். போன முறை பொள்ளாச்சிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது, "சொல்ப கம்மி பண்ணுங்க" என்று கன்னடம் கலந்து நானே கேட்டுவிட்டேன். கடைக்கார அம்மா தராசை இறக்கி வைத்துவிட்டு, "கர்நாடகமுங்களா?" என்று அன்பாகக் கேட்டார். நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கவிதா போன பிறகு இனியாவும் நானும் தனியாக இருந்தோம். ஊருக்குப் போகும் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"அங்க எனக்கு யாரையும் கொத்தில்லப்பா." தெரியாது என்பதற்கு அவளுடைய சொல் அது.

"அம்மா இருக்கா, தாத்தா இருக்காரு."

"நீ?"

"நானும் வருவேன்."

"ஃபர்ஸ்ட் டே ஸ்கூல்ல நீதான் வந்து விடணும். ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்" என்று கையில் அடித்துக் கொடுத்தேன். அன்றைக்கே அவள் லட்சுமம்மாவிடம் போய், நானும் அப்பாவும் போகிறோம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அவள் ஒத்துக்கொண்டது ஊருக்காக இல்லை. என்னை நம்பி ஒத்துக்கொண்டாள்.

7

நவம்பரில் ஆரம்பித்தேன். நகல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அது யாருக்காக எழுதியது, இன்னும் அவர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தேன். கலைந்துபோன குழுக்களின் அறைகளில்கூட என் பெயர் தினமும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தது. பத்து நாள் கேட்ட குழுவிடம் ஏன் பத்து என்றால் அவர்களுக்கே தெரியவில்லை. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் அதில் போயின. 'பொதுக் கணக்கு' என்ற பெயரில் ஒரு புது லாகின் வாங்க மட்டும் நான்கு துறைகளின் ஒப்புதல் தேவைப்பட்டது. அதற்கான படிவத்தில் 'இவர் எந்தப் பாலினம்' என்று ஒரு கட்டாயக் கேள்வி இருந்தது. இரண்டு வாரம் அதிலேயே நின்றது.

மார்ச் மாதம் பிறந்தபோது எல்லாம் முடிந்தது. நூற்றுக்கணக்கான நகல்களை அழித்துவிட்டு, எல்லாப் புராஜெக்டுகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு ரூல். பதினான்கு நாள் அமைதி, மூடு, நன்றி. பலூன் முதலான மிச்ச ரூல்களோடு அதுவும் பொதுக் கணக்கின் பெயரில் ஓடட்டும் என்று பொத்தானை அமுக்கினேன். ஸ்டான்லி சார் எல்லோருக்கும் பாதாம் அல்வா வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மெட்ரோவில் நின்றுகொண்டே சிரித்தபடி வந்தேன். பக்கத்தில் நின்றவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, திறந்திருக்கும் மாற்றல் கோரிக்கைகளைப் பட்டியல் எடுப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறைதான். ஏப்ரல் முதல் வாரத்தில் எச்ஆர் பிரிவின் பிரதிபா மேடத்திடம் போய், பட்டியலில் எனக்கு எந்தத் தேதி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் திரையில் தேடினார். மறுபடி தேடினார்.

"நிம்ம ரிக்வெஸ்ட் இல்லியே" என்றார். நான் தமிழன் என்பதால் எப்போதும் கன்னடத்தோடு கொஞ்சம் தமிழ் கலந்து பேசுவார்.

"போட்டிருந்தேனே மேடம், போன வருஷமே."

"போட்டிருந்தீங்க. க்ளோஸ் ஆகிடுச்சு. மார்ச்ல."

"யாரு க்ளோஸ் பண்ணாங்க?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

எச்ஆர் பிரிவின் புராஜெக்டுக்கு மட்டும் நான் இதுவரை அந்த ரூலை நகலெடுத்துக் கொடுத்ததே இல்லை. அவர்கள் கேட்டதில்லை. நான் எல்லாப் புராஜெக்டுகளுக்கும் என்று ஒரே ரூலாக எழுதியபோது அதுவும் அந்த எல்லாவற்றில் ஒன்றாகிவிட்டது. பொத்தானை அமுக்கிய அன்றே அது அந்த அறைக்குள் போயிருக்கிறது. மாதக்கணக்கில் யாரும் ஒரு வார்த்தை எழுதாத டிக்கெட் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. என் வேலை முடியட்டும் என்று ஸ்டான்லி சார் காத்திருந்தார், அவர் அமுக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நாங்கள் அல்வா தின்றுகொண்டிருந்தபோது, தேவை தீர்ந்துவிட்டதாகக் கருதி, நன்றி சொல்லி மூடிவிட்டது. மறுநாள் ஸ்டான்லி சார் ஒப்புதல் கொடுக்கப் பார்த்திருக்கிறார். அவருடைய நிலுவைப் பட்டியலில் ஒன்றுமில்லை. எச்ஆரே எடுத்துக்கொண்டார்கள் போல என்று விட்டுவிட்டார். எனக்கும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் திறந்தே பார்க்காத அந்த மடலறைக்குள் போய் விழுந்திருக்கிறது. அன்று மாலைதான் அதைத் தேடி எடுத்து, நான் எழுதிய அந்த மரியாதையான வாசகத்தை முதன்முறையாக அதைப் பெற்றுக்கொள்கிறவனாக இருந்து படித்தேன். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

கவிதாவிடம் போனில் சொன்னேன்.

"ஆருங்க மூடுனது?"

"சிஸ்டம் மூடிருச்சு."

"சிஸ்டம்னா ஆருங்க?"

அவள் வாதாடியிருக்கலாம், கத்தியிருக்கலாம். அவள் ஒரு பெருமூச்சு விட்டு, "சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

8

இனியாவின் மாற்றுச் சான்றிதழை அதற்குள் வாங்கியாகியிருந்தது. ஊரில் பள்ளியில் இடமும் பிடித்தாகிவிட்டது. மே கடைசியில் கவிதா வந்து அழைத்துப் போனாள். லட்சுமம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறுக்கு டப்பாவைக் கொடுத்தார். இனியா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கார் கிளம்பும்போது மட்டும் கண்ணாடியை இறக்கி, "ஃபர்ஸ்ட் டே அம்மாவே விடட்டும், பரவால்ல" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை எனக்குப் பரவாயில்லை சொல்லும்படி ஆகிவிட்டது.

நான் பிரதிபா மேடத்திடம் போய், உங்கள் புராஜெக்டை அந்த ரூலிலிருந்து நீக்கிவிடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். என்னோடு சேர்த்து இன்னும் பலருடைய கோரிக்கைகளும் மூடியிருந்தன. அவர் பதறிப்போய், "பேடா, பேடா" என்றார். நிலுவை இவ்வளவு குறைந்து அவர் பார்த்ததே இல்லையாம். மேலிடத்திலிருந்து பாராட்டே வந்துவிட்டதாம். "நெஜமா வேணும்னா அவங்க மறுபடி போடுவாங்க இல்லியா?" என்றார். எனக்கு மட்டும் விலக்கு கேட்டேன். ஒருவருக்கென்று தனியாகச் செய்ய முடியாது என்றார். நியாயம்தான். தனித்தனியாகச் செய்துதான் நான் இந்தக் கதிக்கு வந்தேன்.

புதிய கோரிக்கை போட்டேன். ஸ்டான்லி சார் அன்றே ஒப்புதல் கொடுத்தார், பாவம், குற்ற உணர்ச்சியோடு. அடுத்த பட்டியல் வருகிற மார்ச்சில். அதுவரை அந்த டிக்கெட் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குப் பதினான்கு நாளுக்குள் யாராவது அதில் ஒரு வார்த்தை எழுத வேண்டும். வேறு யார் எழுதுவார்கள்? பதிமூன்றாம் நாள் தவறாமல் நான் எழுதுகிறேன்.

முதலில் இனியாதான் நினைவூட்டினாள். ஊரில் தாத்தா கிழிக்கும் தினசரிக் காலண்டரில் பதிமூன்று நாளுக்கொரு முறை பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் போன் வரும். "அப்பா, இன்னைக்கு வட்டம். எழுதிப்போட்டியா?" அவள் தமிழில் இரண்டே மாதத்தில் பொள்ளாச்சி ஏறிவிட்டது. போன முறை போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். கவிதா எடுத்து, "வாய்க்கால்ல நீச்சல் கத்துக்கறாளுங்க, அவ தாத்தா கூடப் போயிருக்கறா. வட்டமுங்களா? அவ மறந்தே போயிட்டாளாட்ட இருக்குதுங்" என்றாள். எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. மனசுக்குள் ஏதோ பிடுங்கிக்கொண்டு போனதும் உண்மை.

ஆரம்பத்தில் அந்த டிக்கெட்டில், 'இக்கோரிக்கை இன்னும் தேவைப்படுகிறது, தயவுசெய்து திறந்து வைக்கவும்' என்று ஆங்கிலத்தில் முறையாக எழுதினேன். பிறகு புரிந்தது. யாரும் அதைப் படிப்பதில்லை. ரூலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை, எழுதியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. நான் எழுதிய ரூல், எனக்குத் தெரியாதா? அதனால் தமிழில் எழுத ஆரம்பித்தேன். ஒருமுறை அப்பாவின் சாவியைப் பற்றி எழுதினேன். ஒருமுறை கத்தரிக்காய் விற்ற அம்மாவைப் பற்றி. மெட்ரோவில் சிரித்துக்கொண்டே வந்ததைப் பற்றி. தங்கவேலு, நீ கேட்ட இந்தக் குறிப்புகளில் பாதி அங்கே எழுதியவைதான். அலுவலகக் கணினியில் அவ்வளவும் பத்திரமாக இருக்கின்றன.

பதிமூன்று நாளுக்கொரு முறை அந்த ஒரு வரியைத் தானாக எழுதிப்போட ஒரு ரூல் எழுதிவிடலாம். ஐந்து நிமிட வேலை. பலமுறை திறந்து உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு முறை பாதி எழுதியும்விட்டேன். அமுக்க மனம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை எனக்குப் பதிலாக ஒரு பொதுக் கணக்கு மாதம் இரண்டு முறை சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் நானே அதை மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நாளை பதிமூன்றாம் நாள். இனியா வாய்க்காலின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு யார் கையையும் பிடிக்காமல் நீந்திவிட்டாளாம். அதை எழுத வேண்டும்.